பெரியப்பா துடைத்த நம்பர்

எங்கள் பெரியப்பாவுக்குப் பட்டறையில் வைத்த பேர் பளபளா. குழாய், கைப்பிடி, கதவுக் கொக்கி என்று அங்கே எது செய்தாலும் கடைசியில் அவர் கைக்குத்தான் வரும். சுழல்கிற துணிச் சக்கரத்தில் மெழுகுக் கட்டியைத் தொட்டுத் தொட்டு, கரிச்சட்டி மாதிரி வந்த சாமானை முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி அனுப்புவார். வேலை முடிந்து வரும்போது அவர் முகம் கரிச்சட்டி மாதிரி இருக்கும். கணக்கு நேராகிவிடும்.

பட்டறையோடு விட்டால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தும் கை சும்மா இருக்காது. ஒருமுறை வாசல் கதவின் சாவி மங்கலாக இருக்கிறதென்று பட்டறைக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் அது வெள்ளிச் சாவி மாதிரி மின்னிக்கொண்டு வந்தது. பூட்டுக்குள் போனது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பல் எல்லாம் தேய்ந்து பொக்கை வாயாகியிருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் நாங்கள் எல்லோரும் கூடி நின்று பூட்டை உடைத்தோம். பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஏங்க, என்னையும் ஒருநாள் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போய் அந்தச் சக்கரத்துல வெச்சுத் தேய்ச்சுக் கொண்டாந்துடுங்க. மூக்கு முழி எதுவும் மிச்சம் இருக்காது, நிம்மதியா இருக்கலாம்."

அப்படிப்பட்ட மனுஷன் கையில் ஒரு மோட்டார் சைக்கிள் கிடைத்தால் என்ன ஆகும்?

கல்யாணம் ஆன புதிதில் பட்டறை மேஸ்திரியிடம் வாங்கிய வண்டி அது. அப்போதே பழசு. டுபு டுபு என்று தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள் தட்டு அதிரும். வாராவாரம் விடுமுறை நாளில் அதற்கு எண்ணெய்க் குளியல் மட்டும்தான் பாக்கி. உப்புத்தாள், மெழுகு, துணி என்று வரிசையாகப் பரப்பி, டேங்க், விளக்கு, இன்ஜின், சட்டம் என்று ஒரு இடம் விடாமல் தேய்ப்பார். அந்த வண்டிச் சத்தத்தை நான் வாயாலேயே அப்படியே போடுவேன். பள்ளிக்கூடத்தில் நான் முழுசாகக் கற்றுக்கொண்டு வெளியே வந்த வித்தை அது ஒன்றுதான். சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு டுபு டுபு என்று கிளப்பி ஒரு ஹாரனும் அடித்தால், பெரியப்பா சவாரிக்குக் கூப்பிடுகிறாரென்று பெரியம்மா சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவாள். என்னைப் பார்த்ததும் "குரங்கே!" என்று துடைப்பத்தைத் தேடுவாள். அவளும் சிரிப்பாள்.

பெரியம்மாவுக்கு மறதி வந்தபோது முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுப்பை அணைக்க மறந்தாள், பாலை எங்கே வைத்தோமென்று தேடினாள். யாருக்குத்தான் மறதி இல்லை? பிறகு என் அம்மாவின் பேரை மறந்தாள். என்னைத் தன் தம்பி என்றாள். தம்பியானால் துடைப்பம் கிடையாது என்பதால் நான் அதை மறுக்கவில்லை. வண்டியை வீட்டில் விட்டுப் போயிருந்த ஒருநாள் பெரியப்பா வேலை முடிந்து வந்து வாசற்படி ஏறியதும், குறுக்கே கையை நீட்டி நிறுத்தினாள்.

"யாருங்க நீங்க? அவர் பட்டறைக்குப் போயிருக்கார். சாயங்காலம் வாங்க."

"நான்தாம்மா."

"நான்னா யாரு? அவர் இல்லாத நேரத்துல வீட்டுக்குள்ள வர்றது நல்லா இல்லைங்க."

பெரியப்பா கெஞ்சினார், சிரித்துப் பார்த்தார், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து காட்டினார். பயந்து போய் அவள் அழத் தொடங்கியதும் தோற்றுப்போய் வெளியே வந்து வண்டிமேல் உட்கார்ந்தார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி. எங்கே போவதென்று தெரியாமல் வண்டியைக் கிளப்பினார். உடனே உள்ளேயிருந்து சால்வையோடு பெரியம்மா வந்தாள்.

"வந்துட்டீங்களா? எவ்வளவு நேரம் காத்திருக்கிறது?"

ஏறினாள். அவர் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். இரண்டு தோளுக்கும் நடுவில் நெற்றியைச் சாய்த்தாள்.

என் அம்மாதான் அதற்குக் காரணம் கண்டுபிடித்தாள். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அந்த வண்டியில அவ பார்த்தது அவர் முதுகைத்தானே? மூஞ்சி மறந்துடுச்சு. முதுகு மறக்கல."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பகலில் என் அம்மா அவளைப் பார்த்துக்கொள்வாள், ராத்திரி துணைக்குப் படுத்துக்கொள்வாள்; பெரியப்பாவுக்குப் படுக்கை எங்கள் வீட்டில். சாயங்காலம் பெரியப்பா வந்து எங்கள் வீட்டில் குளித்து, சட்டை மாற்றி, வண்டியை அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு ஹாரன் அடிப்பார். அவள் வருவாள். ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புவார்கள். போகிற வழியெல்லாம் குடும்பம் நடத்துவாள். மாடிப்படி பல்பு போய்விட்டது, தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, பக்கத்து வீட்டுப் பயல் ஒரு குரங்கு. பல்பு மாற்றி எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அவர் எல்லாவற்றுக்கும் "சரிம்மா, நாளைக்கே" என்பார். வீடு வந்து இறங்கி அவர் முகத்தைப் பார்த்ததும் மறுபடி அந்நியர். ஆனால் அந்த ஒரு சவாரி நேரம் அவர் அவளுடைய புருஷன். அதற்காகத்தான் அந்த மனுஷன் நாள் முழுக்க அந்தச் சக்கரத்தின் முன்னால் நின்றார் என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அரசாங்கத்தின் புதுச் சட்டம் வந்தது. பதிவுப் புத்தகம் இல்லாத வண்டி ரோட்டில் ஓடினால் பிடித்துக்கொண்டு போய் நசுக்கிவிடுவார்களாம். எங்கள் ஊரில் பாதி வண்டிக்குப் புத்தகம் கிடையாது. மற்றவர்கள் சந்துபொந்தில் ஓட்டிச் சமாளித்தார்கள். பெரியப்பாவுக்கு அந்தத் தைரியம் இல்லை. "பாலத்துல பிடிச்சுட்டா அவளை நடுரோட்டுல இறக்கணுமேடா. இறங்கி என் மூஞ்சியைப் பார்த்தா, கத்துவாளே."

புத்தகம் இல்லாமல் இல்லை. மேஸ்திரி கொடுத்திருந்தார். பேர் மாற்ற வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, மேஸ்திரியும் செத்துப்போய், மாற்றாமலே விட்டுவிட்டார்கள். வாங்கின அன்றைக்கே பெரியம்மா அதை எடுத்து வைத்துவிட்டாள். எங்கே என்றுதான் தெரியவில்லை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். மெத்தை உறையைப் பிரித்தோம், சுவர்ப்படங்களின் பின்பக்கத்தைப் பார்த்தோம். காணாமல் போன கத்தரிக்கோல்கள் எல்லாம் ஒன்றாக ஒரு கூஜாவுக்குள் கிடந்தன. புத்தகம் இல்லை. சவாரி போகும்போது பெரியப்பா முதுகைத் திருப்பாமல் கேட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டி பேப்பர் எங்க வெச்சே?"

"பத்திரமா வெச்சிருக்கேன்."

"எங்க?"

"பத்திரமான எடத்துலதான்."

இதற்கு மேல் கேட்டால், "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று குரல் உடைந்துவிடும். விட்டுவிடுவார்.

புத்தகம் போனால் என்ன, நம்பர் பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், ஹேண்டில்பாருக்குக் கீழே வண்டியின் கழுத்தில் இரும்பிலேயே ஒரு நம்பர் அடித்திருக்கும், அதைப் பார்த்துப் பழைய பதிவேட்டில் தேடி வேறு எழுதிக் கொடுப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதனால் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினார். எழுதப் படிக்க ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார். குருடனுக்கு வழிகாட்ட நொண்டி.

இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்தார். கைத்தடியை டேங்க்கின்மேல் வைக்கப் போய், கீறிவிடுமென்று எடுத்துக்கொண்டார். பிறகு குனிந்து கழுத்தைப் பார்த்தார். அங்கே அவர் மீசைதான் தெரிந்தது.

"நம்பர் எங்க பெரியவரே?"

"அங்கதாங்க இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? எழுந்து நடந்து போயிடுச்சா?"

"துடைச்சேங்க."

"துடைச்சா அழுக்குதான் போகும். நம்பர் எப்படிப் போகும்?"

"உப்புத்தாள் போட்டுத் துடைச்சேன். அப்புறம் மெழுகு. வாராவாரம்."

"எவ்வளவு காலமா?"

பெரியப்பா யோசித்து என்னைக் கைகாட்டினார். "இவன் பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து."

இன்ஸ்பெக்டர் இன்ஜினில் இருக்க வேண்டிய நம்பரைத் தேடினார். அங்கேயும் மீசைதான். நிமிர்ந்து பெருமூச்சு விட்டார்.

"நான் பார்த்தவரைக்கும் நம்பரை ராவுறவன் ரெண்டே பேர். வண்டியைத் திருடினவன், திருட்டு வண்டியை வாங்கினவன். மூணாவதா இன்னிக்கு நீங்க வந்திருக்கீங்க."

"பிள்ளை மாதிரி வெச்சிருந்தேங்க."

"தெரியுது. நான் நம்புறேன் பெரியவரே. ஆனா நான் நம்புறதை எழுதறதுக்கு இங்க எடம் கிடையாது. ஆய்வுக்கூடத்துலேருந்து ஆள் வந்து பார்க்கணும். அதுவரைக்கும் வண்டி இங்க இருக்கட்டும்."

பெரியப்பா ஹேண்டில்பாரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. "சாயங்காலம் மட்டும் எடுத்துட்டுப் போயிட்டுக் கொண்டாந்து விட்டுடறேங்க. தினமும். ஆத்துப் பாலம் வரைக்கும்தான்."

"எதுக்கு?"

சொல்ல வாயெடுத்தார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருத்தன் "சீக்கிரம் தாத்தா" என்றான். பொண்டாட்டிக்கு என் முதுகு மட்டும்தான் தெரியும் என்பதை வரிசையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? "காத்து வாங்கத்தான்" என்றார்.

"காத்து வாங்க நடந்து போங்க, உடம்புக்கு நல்லது" என்றார் இன்ஸ்பெக்டர். கெட்டவர் இல்லை. தெரியாமல் சொன்னது.

வண்டியை அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குத் தள்ளிப் போனோம். துருப்பிடித்த வண்டிகளுக்கு நடுவில் அது கல்யாண வீட்டுக்கு வழி கேட்டு வந்த ஆள் மாதிரி நின்றது.

அன்று சாயங்காலம் பெரியப்பா பட்டறையில் ஒருவரிடம் வண்டி இரவல் வாங்கி வந்தார். புது வண்டி, சத்தமே கிடையாது. முதுகைக் காட்டி உட்கார்ந்தார், ஹாரன் அடித்தார். அது கீச்சென்றது. பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பழைய சாமான் கடையில் கெஞ்சி ஒரு உடைந்த ஹேண்டில்பார் வாங்கி வந்தேன். அவர் வீட்டு வாசலில் ஒரு நீள பெஞ்சைப் போட்டு, அதன் முன்னால் நாற்காலியில் அதைக் கட்டினேன். எதிரே எங்கள் வீட்டு மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். ஒரு பழந்துணியில் கொஞ்சம் பெட்ரோலை நனைத்துப் பெஞ்சுக்கு அடியில் போட்டேன். ஊரை ஏமாற்ற எத்தனையோ வேலை செய்திருக்கிறேன், இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்ததில்லை.

"இது என்னடா கூத்து?" என்றார் பெரியப்பா.

"உக்காருங்க. திரும்பாதீங்க, அவ்வளவுதான்."

சுவருக்குப் பின்னால் போய் வாயால் வண்டியைக் கிளப்பினேன். டுபு டுபு டுபு. ஹாரன். கதவு திறந்தது.

"வந்துட்டீங்களா?"

பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். சட்டை ஓரத்தைப் பிடித்தாள். நெற்றியைச் சாய்த்தாள். விசிறிக் காற்றில் சால்வை பறந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:

"என்னங்க, இன்னிக்கு ரோட்டுல கூட்டமே இல்ல."

"லீவு நாளும்மா" என்றார் பெரியப்பா. அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா வேறு ஏதாவதா என்று சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து தெரியவில்லை.

எனக்குக் கன்னம் வலித்தது. மூச்சு வாங்க நிறுத்தினால் "வண்டி ஏன் நின்னுடுச்சு?" என்பாள். "சிக்னல்" என்பார் அவர்.

ஆய்வுக்கூடத்து ஆள் இன்று வருவார், அடுத்த வாரம் வருவார் என்று இழுத்தது. பெஞ்சு வண்டி தினமும் கொஞ்சம் மக்கர் செய்தது. முதலில் நெற்றியைச் சாய்க்காமல் உட்கார்ந்தாள். பிறகு பேசாமல் உட்கார்ந்தாள். ஒருநாள் ஏறாமல் நின்று, சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி வாயால சத்தம் போடுறே? உடம்பு சரியில்லையா?"

ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்தேன். மறுநாள் எவ்வளவு கிளப்பியும் அவள் வெளியே வரவில்லை. பெரியப்பா பெஞ்சைத் தூக்கி உள்ளே வைத்தார்.

ஆய்வுக்கூடத்து ஆள் வந்த அன்று பெரியப்பாவும் நானும் கொட்டகையில் நின்றோம். ஒல்லியான மனிதர், கையுறை போட்டிருந்தார். வண்டியின் கழுத்தைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். "வழக்கமா நாங்கதான் முதல்ல பாலீஷ் போடணும். இதுல எனக்கு அந்த வேலையே இல்ல." பஞ்சில் ஏதோ அமிலத்தைத் தொட்டு அந்தக் கண்ணாடி மாதிரி இரும்பின்மேல் மெதுவாகத் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி தடவினார். பளபளப்பு மங்கி, அதற்குள்ளிருந்து ஒரு வளைவு வந்தது. பிறகு ஒரு கோடு. தூக்கத்தில் பேசுகிறவர் வார்த்தை மாதிரி ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது.

பெரியப்பா அப்படியே குந்திவிட்டார். "இதெல்லாம் எங்கங்க இருந்துச்சு?"

"உள்ளதான். அச்சு அடிக்கிறப்போ மேல மட்டும் பதியாது, அடியில இருக்கிற இரும்பும் நசுங்கும். மேல தேஞ்சு போனாலும் அந்த நசுங்கல் கொஞ்ச காலம் இருக்கும்."

"கொஞ்ச காலம்னா?"

"தேய்க்கிறதைப் பொறுத்து." அவர் கடைசிப் பக்கத்தில் பஞ்சை வைத்து வைத்துப் பார்த்தார். அங்கே இரண்டு எண் வரவேயில்லை. "இந்த எடத்துல அதுக்கும் கீழ போயிட்டீங்க. கை ரொம்ப அழுத்தம்."

படம் எடுத்து முடிப்பதற்குள் வந்த எண்களும் மங்கின. பெரியப்பா பதறிப்போனார். "போகுதே! மறுபடி மருந்து போட்டா வருமா?"

"வரும். ஆனா ஒவ்வொரு தடவையும் இரும்பைக் கொஞ்சம் தின்னுட்டுத்தான் அது காட்டும். அடுத்த தடவை குறைச்சலா வரும். அதுக்கடுத்து இன்னும் குறைச்சலா."

பெரியப்பா தலையை ஆட்டினார்.

கிடைத்த எண்களோடு ஒத்துப்போகிற வண்டி பழைய பதிவேட்டில் ஒன்றுதான் இருந்தது, மேஸ்திரி பேரில். மேஸ்திரியின் மகள் வெளியூரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டாள். வந்தவள் வண்டியைத் தொட்டுப் பார்த்து, "அப்பா வெச்சிருந்தப்போ கூட இவ்வளவு அழகா இல்ல" என்றாள். இன்ஸ்பெக்டரே எண் அச்சுகளை வைத்துச் சுத்தியலால் அடித்து, கழுத்தில் புது நம்பர் பொறித்தார். ஒவ்வொரு அடிக்கும் பெரியப்பாவுக்குத்தான் வலித்தது. புதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து இன்ஸ்பெக்டர் சொன்னார்:

"பெரியவரே, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். இனிமே இதைத் துடைக்காதீங்க."

வண்டி அன்று முதல் உதையிலேயே கிளம்பியது. வரும் வழியில் பெரியப்பா ஒரு கடையில் நிறுத்திப் புதுச் சட்டை வாங்கப் போனார். பிறகு வேண்டாமென்று திரும்பி வந்தார். "பழசுதான் அவளுக்குத் தெரியும்." எங்கள் வீட்டில் குளித்து, அந்த வெளுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டார். தெருமுனை வரை தள்ளிப் போய், அங்கிருந்து ஓட்டி வந்தார். தட்டு அதிர்ந்தது. வாசலில் நிறுத்தினார். முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஹாரன் அடித்தார்.

நானும் அம்மாவும் எங்கள் வாசலில் நின்றோம்.

கதவு திறந்தது. பெரியம்மா தலையை நீட்டினாள். சால்வை இல்லை.

"யாருப்பா அது, வாசல்ல வண்டியை நிறுத்திக்கிட்டு?"

வண்டி டுபு டுபு என்றது. பெரியப்பா அசையவில்லை.

"உன்னைத்தான் தம்பி. அவர் இன்னும் வரல. பட்டறையிலேருந்து சாயங்காலம்தான் வருவார்."

அம்மா என் கையைப் பிடித்தாள், எலும்பு நொறுங்குகிற மாதிரி. பெரியப்பாவின் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. திரும்பாமலே பேசினார். குரலில் மரியாதை வைத்துப் பேசினார், வேற்று ஆள் பேசுகிற மாதிரி.

"அவர்தாம்மா அனுப்பினார். உங்களக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து காட்டிட்டு வரச் சொன்னார்."

"அவரா சொன்னார்?"

"ஆமாம்மா. வேலை முடியல அவருக்கு."

அவள் யோசித்தாள். உள்ளே போனாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தோம். சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். ஏறினாள். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு, பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மெதுவாப் போ தம்பி. எனக்குப் பழக்கமில்ல."

"சரிம்மா."

பாலம் வரை போய்த் திரும்பினார்கள். இறங்கும்போது அவள் தடுமாற, அவர் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தொடாமல் கம்பியைப் பிடித்து இறங்கினாள். இரண்டு படி ஏறியவள் நினைவு வந்தவளாகத் திரும்பினாள்.

"தம்பி, அவர்கிட்ட ஒண்ணு சொல்லணும். வண்டி பேப்பர் எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார், பாவம். பத்திரமா வெச்சிருக்கேன், கவலைப்பட வேண்டாம்னு சொல்லிடு."

"சொல்லிடறேம்மா."

"மறந்துடாதே."

"மறக்க மாட்டேன்."

கதவு சாத்திக்கொண்டது. பெரியப்பா சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்தார். விளக்கைத் துடைத்தார், டேங்க்கைத் துடைத்தார். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது. இன்ஸ்பெக்டர் அடித்த புது எண்கள் ஓரம் மழுங்காமல் கரகரவென்று இருந்தன. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் துடைத்து முடித்தார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"நாளைக்கு வருவாளாடா?" என்று கேட்டார்.

"நீங்க யாருன்னு சொல்றதைப் பொறுத்து."

"அவர் அனுப்பின ஆளுன்னு சொன்னா வர்றா." துணியை மடித்து உள்ளே வைத்தார். "அது போதும். அவர் பேச்சை இன்னும் கேக்கறா, பாரு."